கச்சான் காலத்துக் கரைவழி: உகந்தை முதல் கதிர்காமம் வரை

கிழக்கிலங்கையின் பெருந்தெரு பொத்துவிலை அடைந்ததும் கடலை விட்டு மேற்கே திரும்பி மொனராகலை நோக்கிச் செல்கின்றது. கரையைப் பிரியாத சிறு தெரு ஒன்று மட்டும் அறுகம்குடாவைக் கடந்து பாணமை வரை தெற்கே நீளும். பாணமைக்கு அப்பால் ஏறத்தாழப் பத்து மைல் தொலைவில், கடலோரப் பாறைத் திரளொன்றின் அடியில் உகந்தைமலை முருகன் கோயில் உள்ளது. அதற்கப்பால் தெரு என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. மணல்மேடும் களப்பும் வெட்டவெளியும் முட்காடுமாக நிலம் தென்மேற்கே விரிகின்றது. இடையே கும்புக்கன் ஆறும் மாணிக்க கங்கையும் கடலிற் கலக்கின்றன. இந்நிலத்தினூடாகக் கதிர்காமத்துக்கு நடந்து செல்ல ஏறத்தாழ ஐந்து நாட்களாகும்.

கதிர்காம வழிபாடு பற்றித் தமிழிலும் சிங்களத்திலும் ஐரோப்பிய மொழிகளிலும் நூல்கள் பல எழுந்துள்ளன. அங்குச் செல்லும் இவ்வழி பற்றி எழுந்தவை மிகச் சில. எழுந்தவற்றுள்ளும் பெரும்பாலானவை பக்தியனுபவக் குறிப்புக்கள். ஒரு பாதைக்கும் வரலாறு உண்டு. அதனை நடந்தோர் ஒருவகையாகவும், அதனைக் காவல் செய்தோர் வேறொருவகையாகவும் அறிந்திருக்கின்றனர். இப்பாதையைப் பொறுத்தவரையில் காவல் செய்தோரின் அறிவு ஏட்டிலே உள்ளது. நடந்தோரின் அறிவு வாய்மொழியிலே உள்ளது. இவ்வேறுபாட்டின் விளைவுகளை நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

முதலில் வழியின் இயல்பைக் கூறவேண்டும். கிழக்குக் கரைக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. கார்த்திகை தொடங்கித் தை வரையும் ஆறுகள் பெருகிக் களப்புக்கள் நிரம்பி, ஒவ்வோர் ஆற்றுவாயும் கடலோடு திறந்து கிடக்கும். அக்காலத்தில் இக்கரையில் எவரும் தொடர்ந்து நடத்தல் இயலாது. மழை ஓய்ந்து சில மாதங்களில் நீர் வற்ற, அலைகள் கொணரும் மணல் ஆற்றுவாய்களை ஒவ்வொன்றாக அடைத்துவிடும். வைகாசி, ஆனி மாதங்களில் மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கும்போது, களப்புக்கும் கடலுக்கும் இடையே மணலணை இயற்கைப் பாலமாகக் கிடக்கும். ஆற்றினையும் முழங்காலளவு, இடுப்பளவு நீரிற் கடந்துவிடலாம். கதிர்காமத்துத் திருவிழா நிகழ்வதும் இக்காலத்திலேயே. விழா பருவத்துக்கு அமைந்ததோ, பருவம் விழாவுக்கு வாய்த்ததோ, ஆண்டில் ஒருமுறை கடலும் ஆறும் இடங்கொடுக்கும் வேளையிலே மனிதர் நடந்தனர் என்பது தெளிவு. இதனைப் பாதை என்று கூறுவதிலும் ஒரு பருவத்து வாய்ப்பு என்று கூறுவது பொருந்தும். சென்ற ஆண்டு நடந்த தடத்தை மழையும் மணலும் அழித்துவிடுதலின், ஒவ்வோர் ஆண்டும் அது புதிதாகவே கண்டறியப்படல் வேண்டும்.

இப்பெருங்காட்டைக் காண்போர் இது ஆதிமுதலே மனிதர் கைபடாத வனம் என்று கருதிவிடுவர். அக்கருத்துத் தவறானது. யாலவின் உள்ளே சித்துல்பவ்வவிலும், பாணமைக்கு அப்பாலுள்ள குடும்பிகலவிலும், அவைபோன்ற வேறு குன்றுகளிலும் பிக்குகள் வாழ்ந்த குகைகள் உள்ளன. சித்துல்பவ்வவிற் காணப்படுவன போன்ற பிராமிக் கல்வெட்டுக்கள் கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. உடைந்த குளக்கட்டுக்களும் தாதுகோபங்களின் செங்கற் குவியல்களும் காடெங்கும் சிதறிக் கிடக்கின்றன. மாகமத்தைத் தலைநகராகக் கொண்ட உரோகண நாட்டின் வயலும் ஊரும் இருந்த நிலம் இது. குளங்கள் உடைந்து மக்கள் அகன்றபின்னரே காடு திரும்பி வந்தது. ஆகவே இன்று நாம் இயற்கைக் காப்பகம் என்று போற்றும் நிலத்திற் பெரும்பகுதி, ஒரு நாகரிகத்தின் கைவிடப்பட்ட கொல்லைப்புறமாகும். ஊர்கள் அழிந்தும் ஊர்களுக்கிடையே சென்ற வழி மட்டும் எஞ்சியது.

கடலுக்கும் இவ்வாறே தொன்மையான நினைவுகள் உண்டு. கரைக்கு அப்பால் நீரிற் புதைந்து கிடக்கும் இரு பாறைத் தொடர்களை மக்கள் இராவணன் கோட்டைகள் என வழங்குவர். கப்பல்களுக்கு எமனாயிருந்த அவற்றுட் பெரியதன்மீது 1873 ஆம் ஆண்டிலும் சிறியதன்மீது 1878 ஆம் ஆண்டிலும் வெளிச்ச வீடுகள் ஏற்றப்பட்டன. பெரிய பாறைத் தொடரருகே 1961 இல் மூழ்கி ஆராய்ந்தோர், ஔரங்கசீப் காலத்திற் சூரத்திலே அச்சிடப்பட்ட வெள்ளி நாணயங்களைக் கட்டிகட்டியாக எடுத்தனர். கரையில் அரிசி மூட்டையைத் தலையிற் சுமந்து நடந்தவனுக்கும், முகலாயரின் வெள்ளியோடு கடலில் மூழ்கியவனுக்கும் இடையே சில மைல் தூரமே இருந்தது. இது கட்டுரைக்குப் புறம்பானது. ஆயினும் அக்கரையில் நிற்கும்போது நினைவுக்கு வராமற் போவதில்லை.

பாதயாத்திரையின் முழு நீளம் யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து தொடங்குவது. முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு மாமாங்கம், சின்னக் கதிர்காமம் எனப்படும் மண்டூர், திருக்கோவில் என ஒவ்வொரு கோயிலையும் தொட்டு, ஒன்றரை மாதத்துக்கு மேலாக நடந்து, அடியார் உகந்தையை வந்தடைவர். பதினைந்தாம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் கதிர்காமத்தைப் பாடியமையால் அத்தலத்தின் புகழ் அக்காலத்திலேயே கடல்கடந்து பரவியிருந்தமை பெறப்படும். ஆயினும் இவ்வழி தமிழர்க்கு மட்டுமே உரியதாயிருந்தது என்று கூறுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. பாணமை, சிங்களமும் தமிழும் கலந்து வழங்கும் ஊர். ஒரே குடும்பத்தில் இரு மொழியும் இரு வழிபாடும் காணப்படுதலை நூர் யால்மன் என்னும் மானிடவியலாளர் 1960 களிலே விரிவாக எழுதியுள்ளார். காட்டின் நடுவே இருந்த குமண என்னும் சிற்றூரின் மக்கள், 1818 ஆம் ஆண்டு ஊவாக் கிளர்ச்சி அடக்கப்பட்டபோது தப்பிவந்தவர்களின் வழித்தோன்றல்கள் என்பது மரபு. வேடரும் முஸ்லிம்களும் கதிர்காமத்தோடு தொன்றுதொட்டு உறவு பூண்டவர்கள். இனங்களின் பெயரால் எல்லைகள் வகுக்கப்பட்ட பிற்காலத்திலிருந்து நோக்கும் நமக்கு இது வியப்பாகலாம். அவ்வழி நடந்தோர்க்கு அது வியப்பாயிருந்திராது.

பிரித்தானியர் ஆட்சியில் இவ்வடியார் ஏடுகளிற் புகுகின்றனர். எவ்வாறு புகுகின்றனர் என்பதே நோக்கத்தக்கது. கிளர்ச்சி அடங்கிய அண்மைக் காலத்திற் கதிர்காமத்தைக் கண்ட மருத்துவர் ஜோன் டேவி, 1821 இல் வெளியிட்ட நூலில் அதனை விவரித்தார். பின்னர், அந்நூற்றாண்டின் பிற்பகுதியில், கதிர்காமம் பற்றிய அரசாங்கக் கடிதங்களில் மேலோங்கி நிற்பது வாந்திபேதி. தென்னிந்தியாவிலிருந்தும் தோட்டப்புறங்களிலிருந்தும் திரளும் மக்கள் நோயைக் கொணர்வர் என்ற அச்சத்தால் யாத்திரிகரின் தொகைக்கு வரம்பிடப்பட்டது. அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. கொள்ளைநோய் உண்மையாகவே பலரைக் கொன்றது. ஆயின் அக்கடிதங்களை எழுதிய அதிகாரி நின்றது திசமகாராமைப் பக்கத்துத் தெருவில். கூட்டம் வந்ததும் அவ்வழியே. கிழக்கிலிருந்து காட்டினூடாகச் சிறு கூட்டங்களாக வந்தவர்கள் அவர் கண்ணிற் பட்டது ஆற்றங்கரையை அடைந்த பின்னரே. அதற்கு முந்திய நாட்கள் ஏட்டில் இல்லை. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வூல்ஃப் திருவிழாவை மேற்பார்வை செய்தவர். அவருடைய நாட்குறிப்புக்கள் பிற்காலத்தில் அச்சேறியுள்ளன. காட்டு ஊர்களின் துயரத்தை 1913 இல் நாவலாக எழுதத்தக்க கண் அவருக்கு இருந்தது. அத்தகைய ஒருவருக்கும் யாத்திரை முதலிலே ஒரு நிர்வாகக் கடமையாகவே வந்து சேர்ந்தது.

இனி, காவலின் வரலாறு. இதனைத் தொடங்கியோர் வேட்டைக்காரர் என்பது பலர் அறியாத செய்தி. 1894 இல் அமைக்கப்பட்ட இலங்கை வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கத்தில் முன்னின்றோர் ஐரோப்பியத் துரைமார். விலங்குகள் அழிந்துவிடின் வேட்டையும் அழியும் என்பதே அவர்தம் முதற்கவலை. 1900 ஆம் ஆண்டில் யால ஒதுக்கிடமாக்கப்பட்டது. அதனையடுத்த நிலம் நாட்டில் வதியும் வேட்டைக்காரருக்கென விடப்பட்டது. ஒதுக்கிடத்தின் முதற் காவலராக நியமிக்கப்பட்டவர் எங்கல்பிரெக்ட் என்னும் போவர். தென்னாபிரிக்கப் போரிற் சிறைபிடிக்கப்பட்டு இலங்கைக்குக் கொணரப்பட்டு, பிரித்தானிய முடிக்கு விசுவாசச் சத்தியம் செய்ய மறுத்தமையால் நாடு திரும்பாது இங்கேயே தங்கியவர். தன் நாட்டிற் சிறைப்பட்ட ஒருவர் பிறநாட்டுக் காட்டுக்குக் காவலரானார். முதலாம் உலகப் போரின்போது எம்டன் என்னும் செர்மன் கப்பலுக்கு இறைச்சி வழங்கினார் என்ற சந்தேகத்தில் மீண்டும் அடைக்கப்பட்டார். அவர் 1922 இல் இறந்தார்.

1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் வேட்டைக்கால மனப்பான்மையினின்று விலகிய ஒரு பெரிய மாற்றம். அதன்கீழ் 1938 பெப்புருவரி 25 ஆம் நாள் யால தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 1949 இல் வனசீவராசிகளுக்கெனத் தனித் திணைக்களம் தோன்றியது. கும்புக்கன் ஆற்றின் வடகரையிலுள்ள நிலம் 1970 இல் யால கிழக்குத் தேசியப் பூங்காவாயிற்று. 2006 இல் அதுவே குமண தேசியப் பூங்கா எனப் பெயர் மாற்றப்பட்டது. இவற்றால் உகந்தைக்கும் கதிர்காமத்துக்கும் இடைப்பட்ட வழி ஏறத்தாழ முழுவதும் சட்டத்தின் வேலிக்குள் அடங்கியது. தேசியப் பூங்காவினுள் அனுமதிச்சீட்டின்றி நுழைதல் குற்றம். அவ்வழியே தலைமுறை தலைமுறையாக நடந்தவன் ஒருநாட் காலையில், தான் அறியாமலே, அனுமதி வேண்டி நிற்பவனானான். குமண ஊரும் எஞ்சவில்லை. சேனைப் பயிரும் மாடும் காப்பகத்துக்கு ஆகாதவை என்பதால் அம்மக்கள் வெளியேறவேண்டியதாயிற்று. யாத்திரிகருக்கு நீரும் மோரும் வழங்கியதோடு எந்தக் கிணற்றில் அவ்வாண்டு உப்பு ஏறியுள்ளது என்றும் சொல்லிவைத்த ஊர் அது. இன்று அதன் இருப்பிடத்தைக் காட்டுவன சில மரங்களே.

இவ்வளவும் கூறியதைக் கொண்டு காப்பகத்தைப் பழித்தலே என் நோக்கம் என்று கொள்ளலாகாது. பொத்துவிலுக்கு வடக்கே உள்ள பாதயாத்திரை வழியைச் சிந்திக்கவேண்டும். தொண்டைமானாற்றிலிருந்து பாணமை வரை அடியார் இன்று பெரும்பாலும் நடப்பது தார்த் தெருவில். பக்கத்தே பாரவண்டியும் பேருந்தும் ஓடுகின்றன. பழைய கரைத்தடம் வீடாகவும் விடுதியாகவும் வயலாகவும் மாறிவிட்டது. அறுகம்குடாவுக்கு வந்த சுற்றுலா விடுதிகள் உகந்தையோடு நின்றமைக்குக் காரணம் பூங்காவின் எல்லையன்றி வேறில்லை. வழியை மறித்த சட்டமே வழி அழியாமலும் காத்தது. இவ்விரண்டினுள் ஒன்றை மட்டும் கூறுவோர் இருசாராரிடத்தும் உளர்.

போர் வந்தது. 1983 ஆம் ஆண்டோடு யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படும் யாத்திரை நின்றது. 1985 இல் மூடப்பட்ட யால கிழக்கு 2003 மார்ச்சிலேயே மீளத் திறக்கப்பட்டது. 1972 இல் யாழ்ப்பாணத்திலிருந்து நடந்த பற்றிக் ஹரிகன் என்னும் அமெரிக்கர் போன்ற சிலரது முயற்சியால் 1988 முதல் நடை மீள ஒழுங்கு செய்யப்பட்டபோதிலும், அது துணிந்த சிலரது நடையாகவே இருந்தது. 2004 திசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையை அறைந்து மணல்மேடுகளை உடைத்தது. யாலவின் பட்டானங்கலைக் கரையில் மனித உயிர்களையும் கொண்டுசென்றது. 2009 இல் போர் முடிந்தபின் நடப்போர் தொகை ஆண்டுக்காண்டு பெருகியது. இடையே கழிந்தது ஒரு தலைமுறை. நான்கு மாதக் குழந்தையைத் தோளிற் சுமந்து நடந்த தாய்மாரின் பிள்ளைகள், தாம் சுமந்து நடக்கவேண்டிய வயதில் அகதிமுகாம்களில் இருந்தனர். வாய்மொழியாக மட்டுமே வாழும் அறிவுக்கு இருபது ஆண்டு இடைவெளி சிறியதன்று.

அவ்வறிவு எத்தகையது என்பதற்கு ஒரு சான்று கூறலாம். சில ஆண்டுகளுக்கு முன் இக்கட்டுரையாளன் உகந்தையிலிருந்து நடந்தபோது, மட்டக்களப்புத் தென்பகுதியைச் சேர்ந்த முதியவர் ஒருவர் உடன்வந்தார். யாத்திரையில் ஆண், பெண், சிறுவர் எல்லாரும் ஒருவரையொருவர் ‘சாமி’ என்றே அழைப்பர். அவரும் என்னை அவ்வாறே அழைத்தார், நானும் அவரை அவ்வாறே அழைத்தேன். அவர் மணலணையில் இறங்குமுன் கோலை ஊன்றிப் பார்ப்பார். “மேலே காய்ஞ்சு கிடக்கும் சாமி, கீழே தண்ணி ஓடும். கோல் போகிற சத்தத்தைக் கேளுங்க” என்றார். பாலைமரங்கள் பழுத்திருந்த ஓரிடத்தில் அனைவரையும் சத்தமிட்டுப் பாடச் செய்தார். ஆனி, ஆடியிலே பாலைப்பழம் தின்னக் கரடி வரும். கரடி திடீரெனக் கண்டாலே பாயும், பாட்டொலி கேட்டால் விலகிப்போகும் என்பது அவர் விளக்கம். யானையை அவர் யானை என்று ஒருபோதும் சொல்லவில்லை. பிள்ளையார் என்றே சொன்னார். இவை பக்தியா, வனவியலா என்று பிரித்துக் கேட்பது பல்கலைக்கழகத்தாரின் பழக்கம். அவரிடத்தில் அவை பிரிந்திருக்கவில்லை.

இன்றைய வழக்கு இதுதான். உகந்தையிலுள்ள வாயில் ஆண்டில் குறித்த சில நாட்களே திறக்கப்படுகின்றது. எத்தனை நாள், எந்நாள் முதல் என்பது ஆண்டுதோறும் அதிகாரிகளும் ஆலயத்தாரும் கூடி விவாதிக்கும் பொருளாயிற்று. நாட்களைக் குறைத்தால் பக்தர் குறைகூறுவர். கூட்டினால் சூழலியலார் குறைகூறுவர். சூழலியலார் கூற்றைத் தள்ளிவிடல் இயலாது. குமண வில்லிலே கண்டல் மரங்களில் நாரையும் கூழைக்கடாவும் கூடுகட்டிக் குஞ்சு பொரிப்பது இதே மாதங்களில். காட்டில் நீர்நிலைகள் வற்றி விலங்குகள் எஞ்சிய மடுக்களை நாடுவதும் இதே மாதங்களில். பல்லாயிரவர் சவர்க்காரம் இட்டுக் குளிக்கும் கும்புக்கன் ஆற்று நீரை அன்றிரவே மானும் யானையும் குடிக்கவேண்டும். வழிநெடுகக் கிடந்த பிளாத்திக்குப் போத்தல்களையும் உணவுப் பொதிகளையும் கண்டபோது, காவலர் கடிந்துகொண்டதில் நியாயமில்லை என்று என்னாற் சொல்ல முடியவில்லை.

ஆயினும் ‘மரபு’ என்ற சொல்லின்மேல் இரு சாராரும் ஏற்றும் பொருளிலே ஒரு பிழை உண்டு. நடப்பது மரபு, இத்தனை பேர் ஒருங்கே நடப்பது மரபன்று. பழைய யாத்திரிகன் தன் அரிசியையும் மிளகாய்த்தூளையும் தானே சுமந்தான். கிணற்றில் ஊறும் நீரின் அளவே கூட்டத்தின் அளவையும் வரையறுத்தது. மிகுந்தோர் பின்தங்கி மறுநாள் வந்தனர். அதனை எவரும் சட்டமாக எழுதவில்லை, எழுதவேண்டிய தேவையும் இருக்கவில்லை. இப்போது தண்ணீர்ப் பவுசரும் அன்னதானமும் மருத்துவ முகாமும் காட்டுக்குள் வருகின்றன. இவை கருணையினால் வருபவை. முதியோரும் நோயாளரும் இவற்றாற் பயனடைகின்றனர். ஆனால் காடு விதித்த வரம்பு இவற்றால் நீங்கியது. நீங்கவே, அதிகாரி நாட்குறித்து வரம்பிட வேண்டியதாயிற்று. வாந்திபேதிக் காலத்து அனுமதிச்சீட்டுக்கும் இன்றைய வாயிற்கதவுக்கும் இடையே உள்ள ஒற்றுமையைக் கண்டு கோபிப்போர், அவற்றின் வேற்றுமையையும் காணவேண்டும். முன்னையது யாத்திரிகனை நோயாகக் கண்டது. பின்னையது அவனைத் தொகையாகக் காண்கின்றது. அவனை வழியறிந்தவனாகக் கண்டு, மணலணை எப்போது உறுதிப்படும், எந்த மடுவைத் தவிர்க்கவேண்டும் என்று அவனிடம் கேட்டறிந்து நாட்குறிக்கும் ஓர் ஏற்பாடு இன்னும் உருவாகவில்லை.

நமது வரலாற்றுத் துறைகளும் இவ்விடயத்திற் குற்றமற்றவை அல்ல. கச்சேரிக் கடிதங்களை வாசிக்கப் பழகியுள்ளோம். களஞ்சியத்தில் இல்லாததை நடந்து சென்று கேட்கப் பழகவில்லை. தங்குமிடப் பெயர்களைத் தொகுப்பதிலிருந்தேனும் ஒருவர் தொடங்கலாம். அடியார் வாகூரவட்டை என்பதும் நாவலடி என்பதும் பூங்காப் படங்களிலும் சுற்றுலாக் கைந்நூல்களிலும் எளிதிற் கிடைப்பனவல்ல. அவர்கள் வியாழை என வழங்குவது படத்திலே யால என நிற்கின்றது. கட்டகாமம் கடகமுவ எனத் தோன்றுகின்றது. இவற்றுள் எது முந்தியது என்று வாதாடுவது என் கருத்தன்று. இரு பெயர்களும் ஒரே நிலத்தில் நெடுங்காலம் அயலாராக வாழ்ந்தவை. ஒன்று அச்சேறிற்று, மற்றது ஆட்களோடு மறைகின்றது.

கும்புக்கன் கரையில் மருதமரத்து வேரிலே அமர்ந்து, அம்முதியவரிடம் அவருக்குத் தெரிந்த இடப்பெயர்களைக் கேட்டு எழுதத் தொடங்கினேன். மடு, கிணறு, பாறை, தனித்து நின்ற மரம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருந்தது. சிலவற்றுக்கு இரண்டு இருந்தன. பக்கத்திலிருந்த இளைஞர்கள் சிரித்தனர். பின்னர் அவர்களும் கேட்கத் தொடங்கினர். ஆற்றின் அக்கரைப் பெயர்களுக்கு வந்தபோது முன்னே சென்ற கூட்டம் அரோகரா ஒலியெழுப்பிற்று. “மிச்சத்தைப் போகப்போகச் சொல்றன் சாமி, வெயில் ஏறுது” என்று எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, கோலை ஊன்றி நீரில் இறங்கினார். குறிப்பேடு நனையாதிருக்க அதனைத் தலைத்துண்டிற் சுற்றிக்கொண்டு நானும் பின்னே இறங்கினேன்.